வீட்டிலேயே குளிப்பாட்டி, உடுத்தி, வழியனுப்ப: சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சிங்கப்பூரில் இன்று ஒரு சாவு விழுந்தால் எல்லாமே ஒரே பேக்கேஜில் வந்துவிடுகிறது. பெட்டி, வண்டி, பந்தல், பூ, சடங்கு நடத்தும் பண்டாரம், ஏன், குளிப்பாட்டி உடுத்துவதுகூட அந்த பில்லுக்குள் அடங்கிவிடும். வீட்டு மனிதர்கள் நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குக் கை கொடுக்க வேண்டியதுதான். கம்பத்து வீடுகளில் இருந்த காலத்தில் இதெல்லாம் பங்காளிகளும் வீட்டுப் பெண்களும் செய்த வேலை. வீவக அடுக்குமாடி வீட்டிலும் அதைச் செய்யலாம். நம் பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பங்கள் இன்றும் செய்துகொண்டுதான் இருக்கின்றன. மய்யித்தை, அதாவது இறந்தவரின் உடலை, குளிப்பாட்டுவதில் பிள்ளைகள் கூட நின்று கை கொடுக்கிறார்கள், கஃபன் துணி போர்த்துகிறார்கள், பெரும்பாலும் அன்றே அடக்கமும் முடிந்துவிடுகிறது.

வெளியாள் உண்மையிலேயே தேவைப்படுகிற இடங்கள் மூன்றுதான்: மருத்துவரின் சான்று, பெட்டியும் வண்டியும், தகனச்சாலை அல்லது மயானம். மற்ற எல்லாம் குடும்பத்தின் கையில் இருக்கலாம். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பது மட்டும் பிசகக்கூடாது.

எல்லாக் குடும்பத்துக்கும் இது ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விபத்து, தற்கொலை, திடீர் மரணம் என்றால் உடல் முதலில் உங்கள் கைக்கே வராது. வீட்டுக்குள் பெரிய மனத்தாங்கல் இருந்து, யார் தொடுவது, யார் தொடக்கூடாது என்று அந்த நேரத்தில் சண்டை வரும் என்றால் இறுதிச்சடங்கு நிறுவனத்திடம் விட்டுவிடுவதே மேல்.

இறப்பதற்கு முன்பே முடிக்க வேண்டியவை

வீட்டில் இறப்பதே இப்போது அரசாங்கமும் ஊக்குவிக்கும் விஷயம். மருத்துவமனையில் நேரும் மரணங்களை 61 விழுக்காட்டிலிருந்து 2027க்குள் 51 விழுக்காடாகக் குறைப்பது சுகாதார அமைச்சு 2023ல் அறிவித்த இலக்கு. நோய் முற்றிய நிலையில் இருப்பவர் வீட்டிலேயே இருக்க ஆசைப்பட்டால், அந்திமக்காலப் பராமரிப்புக் குழு ஒன்றில் அவரைச் சேர்த்துவிடுங்கள். எச்சிஏ, அசிசி, டோவர் பார்க் போன்ற அமைப்புகளின் தாதியர் வீட்டுக்கே வருவார்கள். அப்படிப் பதிந்திருந்தால் கடைசி நேரத்தில் பாதிப் பிரச்சினை இருக்காது.

அந்தக் குழுவிடம் கேட்டு வைக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இரவு இரண்டு மணிக்கு உயிர் பிரிந்தால் யாரை அழைப்பது, சான்று கொடுக்க யார் வருவார். இரண்டு, நோயின் விவரம் எழுதிய ஒரு கடிதம். அது கையில் இருந்தால், அக்கம்பக்கத்துக் குடும்ப மருத்துவர் வந்தாலும் மரணக் காரணத்தை எழுதத் தயங்க மாட்டார். இரவிலும் வீட்டுக்கு வரும் மருத்துவர்கள் இரண்டு மூன்று பேரின் எண்களைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். கட்டணம் எவ்வளவு என்று முன்பே கேட்டுக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இன்னொரு கேள்வி, இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறதா என்பது. அதன் பேட்டரி தகன வெப்பத்தில் வெடிக்கும். ஆகவே தகனத்துக்கு முன் எடுத்தாக வேண்டும். அதை எடுப்பது தெரிந்தவர் வேலை, வீட்டார் கை வைக்கக்கூடாது. சான்று தர வரும் மருத்துவரிடமும் பெட்டி கொண்டு வருபவரிடமும் சொல்லிவிடுங்கள்.

பிறகு ஒரு பை தயார் செய்யுங்கள். கையுறை, பெரியவர்களுக்கான டயாபர், பஞ்சு, பழைய வெள்ளை வேட்டி நாலைந்து, தண்ணீர் கசியாத விரிப்பு, சீயக்காய், நல்லெண்ணெய், மஞ்சள், விபூதி, சந்தனம், வாசலின், சீப்பு, கத்தரிக்கோல், உடுத்த வேண்டிய துணி. லிட்டில் இந்தியாவுக்கு ஓடி வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அந்த நேரத்தில் கடை திறந்திருக்காது.

உயிர் பிரிந்ததும்

எதிர்பார்த்த மரணம் என்றால் அவசர ஆம்புலன்ஸுக்கான 995ஐ அழைக்க வேண்டாம். அழைத்தால் வருகிறவர்கள் உயிரை மீட்கத்தான் முயல்வார்கள். அமைதியாகப் போனவரின் நெஞ்சை அழுத்துவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டியிருக்கும். குழுவையோ மருத்துவரையோ அழைத்தால் போதும். அவர் வரும்வரை நேரம் இருக்கிறது. பக்கத்தில் உட்காருங்கள், அழுங்கள், ஒப்பாரி வைக்கத் தெரிந்தவர் வைக்கட்டும்.

மருத்துவர் பார்க்கும் முன் குளிப்பாட்டாதீர்கள், குழாய்களைப் பிடுங்காதீர்கள், துணி மாற்றாதீர்கள். காரணம் உறுதியாகத் தெரியவில்லை என்று அவர் சொன்னால் காவல்துறைக்குத் தகவல் போகும். உடல் சுகாதார அறிவியல் ஆணையத்தின் பிணவறைக்குச் செல்லும். மரண விசாரணை அதிகாரி முடிவெடுத்த பிறகே உங்களிடம் திரும்பும். அப்போது நீங்கள் முன்கூட்டிச் செய்த ஒவ்வொன்றும் கேள்வியாகும்.

மருத்துவர் வரும்வரை இரண்டு காரியம் மட்டும் செய்யலாம். கண்ணை மூடிவிட்டு, இமைமேல் ஈரப்பஞ்சை வைத்துக் கொஞ்ச நேரம் விடுங்கள், இமை ஒட்டிக்கொள்ளும். தலைக்குக் கீழே ஒரு தலையணை வைத்துச் சற்று உயர்த்தி, சிறு துண்டு ஒன்றைச் சுருட்டித் தாடைக்கு அடியில் கொடுங்கள். தலை தாழ்ந்திருந்தால் ரத்தம் முகத்தில் இறங்கி நீலம் பாரிக்கும். வாய் திறந்தபடி விறைத்துவிட்டால் பிறகு மூடுவது கஷ்டம். விறைப்பு முதலில் பிடிப்பது தாடையிலும் இமையிலும் கழுத்திலும்தான், இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் தொடங்கிவிடும்.

மருத்துவர் மரணக் காரணத்தை இணையவழி சான்றளித்ததுமே இறப்பு பதிவாகிவிடும். 2022 மே 29 முதல் இதுதான் நடைமுறை. எந்த அலுவலகத்திலும் போய் வரிசையில் நிற்க வேண்டாம். அவர் தரும் ஆவண எண்ணை மட்டும் பத்திரப்படுத்துங்கள். பிறகு எல்லா வேலைக்கும் அதுதான் சாவி.

தொற்று ஏதாவது உண்டா என்று அவரிடம் கேட்டுவிடுங்கள். சில நோய்கள் என்றால் உடலைப் பையில் இட்டுப் பெட்டியை மூடி உடனே தகனம் செய்ய வேண்டும், குளிப்பாட்டவே முடியாது. மற்றபடி கையுறையும் ஏப்ரனும் போதும்.

ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் செலவு குறையும்

இப்போதுதான் நிறுவனத்தை அழைக்க வேண்டும். "அண்ணே, பெட்டியும் வண்டியும் மட்டும் போதும். குளிப்பாட்டி உடுத்துறதை நாங்களே பாத்துக்குறோம். எம்பாமிங் வேண்டாம்." இவ்வளவுதான். பேக்கேஜில்தான் எல்லாம் வரும் என்று ஒருவர் அடம் பிடித்தால் அடுத்தவரை அழையுங்கள். விலையை வாய்மொழியாக ஏற்காதீர்கள், வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

நம்மவர்கள் பெரும்பாலும் மறுநாளே எடுத்துவிடுகிறோம். அதற்கு எம்பாமிங், அதாவது உடல் கெடாமலிருக்க ரசாயனம் ஏற்றுவது, தேவைப்படாது. வெளிநாட்டிலிருந்து மகனோ மகளோ வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்றால் மட்டும் யோசிக்க வேண்டும்.

உடனே அடுத்து தகனத்துக்கு நேரம் பிடியுங்கள். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் இணையவாசலில் குடும்பத்தாரும் பதியலாம், நிறுவனத்தையும் பதியச் சொல்லலாம். மண்டாய் தகனச்சாலை 1982லிருந்து இயங்குகிறது. மண்டாய் நார்த் என்ற புதியது 2025 ஆகஸ்டில் திறந்தது. மண்டாயில் பெரியவர்களுக்கு 100 வெள்ளி, பத்து வயதுக்குக் கீழ் 50 வெள்ளி. ராகுகாலம் பார்த்து எடுப்பு நேரத்தைக் குறித்துவிட்டு, பிறகு தகன நேரம் தேடுகிற வீடுகள் உண்டு. தலைகீழ் வேலை அது. மண்டாயில் எந்த நேரம் கிடைக்கிறதோ அதைப் பிடித்துவிட்டு, அதற்குள் ராகுகாலத்தைத் தவிர்த்து எடுப்பு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை என்றால் "சனிப் பிணம் துணை தேடும்" என்று ஒரு அத்தை நிச்சயம் சொல்வார். தேங்காய் ஒன்றைக் கூட அனுப்பினால் அவர் சமாதானமாகிவிடுவார்.

புதைப்பது என்றால் சுவா சூ காங் மயானம் ஒன்றுதான் இன்று திறந்திருக்கிறது. 1998லிருந்து 15 ஆண்டு மட்டுமே இடம், பிறகு தோண்டி எடுப்பார்கள். இந்துப் பகுதி அங்கே இருக்கிறது, குழந்தைகளைப் புதைக்கும் வழக்கமுள்ள குடும்பங்கள் அங்கேதான் போகின்றன.

கீழ்த்தளத்தில் பந்தல் போட நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். வீட்டுக்குள்ளேயே வைப்பதென்றால் பெட்டி லிப்டில் நுழையுமா என்று இப்போதே டேப் பிடித்து அளந்து பாருங்கள். நுழையாது என்றால் உடலை மேலே வைத்துச் சடங்கு முடித்து, கீழே பெட்டிக்கு மாற்றலாம்.

குளிர்ச்சி

நம் ஊர் வெக்கைக்கு இது முக்கியம். ஏர்கான் உள்ள அறையில் எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து, கதவைச் சாத்தி, ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள். ஐஸ் பைகளைத் துண்டில் சுற்றி வயிற்றின் மேலும் மார்பின் மேலும் இரு பக்கமும் வைக்கலாம். கெடுதல் முதலில் தொடங்குவது வயிற்றில்தான். கை காலுக்கு ஐஸ் வீண். மறுநாளே எடுப்பு என்றால் இதுவே போதும். நாள் கூடினால் உலர்பனி (டிரை ஐஸ்) வாங்குவார்கள். அது மைனஸ் 78 டிகிரி, வெறுங்கையில் தொட்டால் தோல் போய்விடும். அது கரையும்போது நீராகாமல் கரியமில வாயுவாகவே வெளியாகும், எனவே மூடிய அறையில் யாரும் அதன் பக்கத்தில் படுத்துத் தூங்கக்கூடாது. வாழைப்பழம், ஊதுவத்தி, பூ எல்லாம் வெளி அறைக்குப் போகட்டும். ஊதுவத்திப் புகை நாற்றத்தை மறைக்கிறது என்று நினைத்து அறையைத் திறந்து வைப்பதுதான் பெரும்பாலும் நாற்றத்துக்குக் காரணம்.

குளிப்பாட்டுவது

நாலு பேர் வேண்டும். இரண்டு பேர் திருப்ப, ஒருவர் கழுவ, ஒருவர் தண்ணீரும் துணியும் எடுத்துக் கொடுக்க. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது பொது வழக்கம். கணவனோ மனைவியோ பிள்ளையோ ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள்.

அந்திமக்காலத் தாதி வந்தால் சிறுநீர்க் குழாய், மூக்குக் குழாய், ஊசி பம்ப் இவற்றை அவரே எடுத்துவிடுவார். தோலில் வலி மருந்து ஒட்டு இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு உரித்து, ஒட்டும் பக்கம் உள்ளே போக மடித்து, தாதியிடம் கொடுங்கள். மிச்ச மார்பினையும் அப்படியே. படுக்கைப் புண் இருந்தால் பஞ்சு வைத்து, மேலே சமையல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிவிட்டால் துணியில் கறை படாது.

குளியலறைக்குத் தூக்கிச் செல்ல வேண்டாம். ஈரத் தரையில் பிடி வழுக்கும், ஆளைக் கீழே போட்டால் அந்தக் குற்ற உணர்வு ஆயுளுக்கும் போகாது. கட்டிலில் விரிப்பைப் போட்டு, வேட்டியால் உடலை மூடி, ஒரு பகுதியை மட்டும் திறந்து துடைத்து, மூடி, அடுத்த பகுதிக்குப் போங்கள். முகத்தில் தொடங்கி, கை, மார்பு, கால் என்று இறங்கி, பின்புறத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பும்போது ஒருவர் தோளையும் ஒருவர் இடுப்பையும் பிடித்து ஒரே மூச்சில் பக்கவாட்டில் உருட்ட வேண்டும். அப்போது வாயிலிருந்து கொஞ்சம் நீர் வழியும், நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சுச் சத்தமும் வரும். உள்ளே தங்கிய காற்று அது. தெரியாதவர்கள் அலறிவிடுவார்கள், அதனால் தொடங்கும் முன் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். கன்னத்துக்குக் கீழே ஒரு துண்டை மடித்து வைத்தால் வழிவதை அது வாங்கிக்கொள்ளும். மலம் சிறுநீரும் வெளியேறலாம், எனவே கழுவியதும் டயாபர் கட்டாயம். மூக்கில் பஞ்சு வைக்கும்போது வெளியே தெரியாமல் வையுங்கள்.

ஆணுக்குச் சவரம் செய்வதென்றால் க்ரீம் நிறையத் தடவி மெல்ல இழுங்கள். செத்த தோலில் பட்ட கீறல் சில மணி நேரத்தில் பழுப்பாகத் தெரியும். உதட்டுக்கு வாசலின். தலைக்கு எண்ணெய் தொட்டு வைத்து, சீயக்காயை ஒரு மக்கில் கரைத்துப் பஞ்சால் ஒற்றி எடுக்கலாம். உறவினர் போய் எடுத்துவரும் நீர்மாலைத் தண்ணீரை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்குப் போக வழியில்லை, கீழ்த்தளத்தைச் சுற்றி வந்து குழாயில் பிடித்தாலும் நீர்மாலைதான். ஒவ்வொருவராக வந்து ஒரு சிறு செம்பு மட்டும் பாதத்தில் ஊற்றட்டும். துவைத்து எடுத்த ஒரு விரிப்பு மட்டுமே நனையும்.

உடுத்துவது

வேட்டி சுலபம். சேலைதான் பலரை மலைக்க வைக்கும். விறைப்பு ஏறிய கையை மடக்கி ரவிக்கை போட முயலாதீர்கள். ரவிக்கையின் முதுகை அடியிலிருந்து கழுத்துவரை நேராக வெட்டிவிட்டு, முன்பக்கமிருந்து இரண்டு கையையும் நுழைத்து, இரு ஓரத்தையும் முதுகுக்குக் கீழே செருகிவிட்டால் யாருக்கும் தெரியாது. சட்டைக்கும் இதே வழிதான். சேலையின் முன்மடிப்பை முதலிலேயே மேசையில் வைத்து மடித்து நூலால் தைத்துவிடுங்கள், ஊக்கு வேண்டாம். உடலைப் பக்கவாட்டில் உருட்டி, சேலையின் ஒரு பாதியைச் சுருட்டி முதுகுக்குக் கீழே தள்ளி, மறுபக்கம் உருட்டி இழுத்துக்கொண்டு, மடிப்பைப் பாவாடையில் செருகி, முந்தானையை மார்பின் மேல் விரித்தால் முடிந்தது. பிறந்தவீட்டுக் கோடி வந்தால் அதைக் கட்டாமல் மேலே போர்த்தலாம். அவர்களுக்கு மரியாதையும் ஆயிற்று, உங்களுக்கு இன்னொரு முறை உருட்ட வேண்டிய வேலையும் இல்லை.

கைக் கட்டைவிரல்களையும் கால் கட்டைவிரல்களையும் வெள்ளைத் துணியால் கட்டுங்கள். நெற்றியில் விபூதியோ திருமண்ணோ. தலை தெற்கே, தலைமாட்டில் ஒரு விளக்கு. விளக்கைத் திரைக்கும் பூவுக்கும் எட்டாமல் வையுங்கள், புளோக்கில் தீ என்றால் பத்து வீட்டுக்கும் சேர்த்துத் துக்கம். மூக்குக்கண்ணாடி, கைப்பேசி, கண்ணாடிப் புட்டி, பேட்டரி உள்ள எதையும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். நகையைக் கழற்றி, இரண்டு பேர் முன்னிலையில் எழுதி வைத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை, ஐந்து வருடப் பேச்சை மிச்சப்படுத்தும்.

சடங்கும் எடுப்பும்

எந்தப் பிரிவு, எந்த ஊர் வழக்கம் என்பதைப் பொறுத்து இது மாறும். யாழ்ப்பாண வழி வந்தவர்கள் சுண்ணம் இடித்து, திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் பாடுவார்கள். மற்ற வீடுகளில் சிவபுராணமோ பாசுரமோ பஜனையோ. பண்டாரம் வருவதென்றால் முதல் நாளே தொலைபேசியில் பேசி, எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மகள் கொள்ளி வைப்பதானால் அதையும் அப்போதே சொல்லுங்கள். இன்று பல பண்டாரங்கள் மறுப்பதில்லை. மறுப்பவரை எடுப்பு நேரத்தில் மாற்ற முடியாது.

ஒன்றை மட்டும் என் கருத்தாகச் சொல்கிறேன். கணவனை இழந்தவளைக் கூட்டத்தின் நடுவே உட்காரவைத்துப் பூவும் பொட்டும் தாலியும் எடுப்பதை, அந்த அம்மாவே கேட்டால் ஒழிய செய்யாதீர்கள். "நம்ம வழக்கம்" என்று சொல்கிற பெரியவர்களிடம் மூத்த மகனோ மகளோ முன்கூட்டியே, தனியே, பணிவாகப் பேசிவிட வேண்டும். அழுகைக்கு நடுவில் பேசினால் அது சண்டையாகத்தான் முடியும்.

வாய்க்கரிசி, பேரப்பிள்ளைகளின் நெய்ப்பந்தம், குடம் உடைப்பது எல்லாவற்றையும் வீட்டிலோ கீழ்த்தளத்திலோ முடித்துவிடுங்கள். மண்டாயில் அடுத்த குடும்பம் காத்திருக்கும், உங்களுக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம். பெட்டி தானியங்கி வண்டியில் ஏறி உலைக்குள் போவதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்ப்போம். கற்பூரம் ஏற்ற எங்கே அனுமதி என்று அங்குள்ள ஊழியரிடம் முதலிலேயே கேளுங்கள். பெட்டியைத் தூக்க ஆறு பேர், அதில் இரண்டு பேர் முதுகுவலி இல்லாதவர்களாக இருப்பது நல்லது.

மருத்துவமனையில் இறந்தாலும் இதில் பெரும்பகுதியைச் செய்யலாம். வார்டிலேயே தாதியரிடம் "துடைக்கும்போது நாங்களும் கூட நிக்கலாமா சிஸ்டர்" என்று கேட்டுப் பாருங்கள். பிணவறையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் உடல் குளிர்ந்து விறைத்திருக்கும். குளிப்பாட்டுவதைச் சுருக்கி, உடுத்துவதில் கவனம் வையுங்கள். தமிழ்நாட்டுக்கு அனுப்புவதென்றால் கதை வேறு: எம்பாமிங் கட்டாயம், பெட்டி முத்திரையிடப்பட வேண்டும், இந்தியத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். அங்கே நிறுவனத்தின் உதவி இல்லாமல் நகர முடியாது.

அஸ்தியும் கடைசித் தாள்களும்

எப்போது வந்து எடுப்பது என்பதைத் தகனப் பதிவின்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். பாலும் கலசமும் நீங்களே கொண்டு போகலாம். கடலில் கரைப்பதற்கென்று ஒதுக்கிய இடம் புலாவ் செமக்காவுக்குத் தெற்கே 1.5 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. காலை 7 மணி முதல் மாலை 7 வரை படகில் போகலாம். மாலையின் நாரையும் பிளாஸ்டிக் பையையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். சுவா சூ காங்கில் 2021ல் திறந்த அமைதிப் பூங்காவில் நிலத்திலேயே தூவலாம், ஆனால் அங்கே சமயச் சடங்குக்கு அனுமதி இல்லை. கருமாதியை வேறிடத்தில் முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். ராமேஸ்வரத்துக்கோ காசிக்கோ எடுத்துச் செல்பவர்கள் இறப்புச் சான்றிதழையும் தகனச் சான்றையும் கலசத்தோடு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், செக்-இன் பெட்டியில் போடாதீர்கள்.

சான்றிதழ் தானாகத் தபாலில் வராது. அரசாங்கத்தின் மை லெகசி இணையத்தளத்தில் சிங்பாஸ் மூலம் நுழைந்து, மருத்துவர் கொடுத்த ஆவண எண்ணைப் போட்டு 30 நாளுக்குள் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு வேண்டும் என்றால் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடம் பணம் கட்டித்தான் நகல் எடுக்க முடியும். கருமாதி முடியட்டும் என்று பல வீடுகளில் தள்ளிப்போடுகிறார்கள். பதினாறாம் நாளுக்குப் பிறகு இரண்டே வாரம்தான் மிச்சம் இருக்கும். முதல் நாளே வீட்டில் இளையவர் ஒருவரிடம் இந்த வேலையை ஒப்படைத்து, பிரதியை எல்லாப் பிள்ளைகளுக்கும் அனுப்பச் சொல்லிவிடுங்கள். வங்கி, மத்திய சேம நிதி (மசேநி), காப்புறுதி என்று எங்கே போனாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.